டட்சன் 240 இசட்: பழைய காரை மீட்டமைத்தலும் உதிரிபாகம் தேடுதலும்

டட்சன் 240 இசட் என்பது ஜப்பானின் நிசான் நிறுவனம் 1969ஆம் ஆண்டின் இறுதியில் அறிமுகப்படுத்திய, இருவர் மட்டும் அமரக்கூடிய விளையாட்டு வகைக் கார் ஆகும். ஜப்பானில் இது 'ஃபேர்லேடி இசட்' என்ற பெயரில் விற்கப்பட்டது. அமெரிக்காவில் நிசானின் விற்பனைக்குப் பொறுப்பாக இருந்த யுதாகா கட்டயாமா, விளையாட்டுக் காருக்கு 'அழகிய சீமாட்டி' என்ற பெயர் அங்கே எடுபடாது என்று கருதி, வெறும் எண்ணையும் எழுத்தையும் பெயராக வைத்தார். தொழிற்சாலை இதற்கு வைத்த குறியீடு எஸ்30. அந்த வரிசையில் பின்னர் 260 இசட், 280 இசட் ஆகியவை வந்தன. 1978 வரை மொத்தம் ஐந்து லட்சத்துக்கும் அதிகமான கார்கள் விற்றன. அவற்றில் பெரும்பகுதி அமெரிக்கா சென்றது.

வடிவமைப்புக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் யோஷிஹிகோ மட்சுவோ. 2393 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள ஆறு சிலிண்டர் என்ஜின், இரட்டைக் கார்புரேட்டர், நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன் ஆகியவற்றோடு 1970இல் அமெரிக்காவில் இதன் விலை 3,526 டாலர். அப்போதைய போர்ஷே 911 காரின் விலையில் இது ஏறத்தாழப் பாதி. இந்த மலிவுதான் காரின் புகழுக்குக் காரணம்; இன்று நல்ல நிலையில் உள்ள கார்கள் அரிதாகிப் போனதற்கும் அதுவே காரணம். விலை உயர்ந்த கார்களைக் கொட்டகைக்குள் போர்த்தி வைத்தவர்கள், 240 இசட்டை அன்றாடம் வேலைக்கு ஓட்டினார்கள். குளிர்காலத்தில் பனியை உருக்க உப்புத் தூவிய சாலைகளில் ஓட்டினார்கள். பழுதானதும் கழித்துக் கட்டினார்கள்.

பழுதுபார்ப்பும் மீட்டமைப்பும்

ஓடாத காரை ஓட வைப்பது பழுதுபார்ப்பு. கார் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது இருந்த நிலைக்கு அதைக் கொண்டுவருவது மீட்டமைப்பு. இரண்டுக்கும் இடையில் பல படிகள் உண்டு. போல்ட்டின் மஞ்சள் நிறத் துத்தநாகப் பூச்சு வரை அப்படியே வேண்டும் என்பவர்கள் ஒருபுறம். தோற்றம் பழையதாக இருந்தால் போதும், பிரேக்கும் விளக்கும் இன்றைய தரத்தில் இருக்கட்டும் என்பவர்கள் மறுபுறம். எந்தப் படியில் நிற்பது என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்யாதவர்கள்தான் பாதிவழியில் காரைப் பெட்டி பெட்டியாக விற்றுவிடுகிறார்கள்.

துரு: முதல் எதிரி

எஸ்30 கார்களுக்கு லாரிக்கு இருப்பது போலத் தனிச் சட்டகம் கிடையாது. உடலின் தகடுகளே சட்டகமாகவும் செயல்படுகின்றன. தரைத்தகட்டின் அடியில் நீளவாக்கில் இரண்டு குழிவான தகட்டுக் கால்வாய்கள் புள்ளி வெல்டிங் முறையில் ஒட்டப்பட்டிருக்கும். முன்சக்கரங்களிலிருந்து வரும் அதிர்வையும் இழுவையையும் தாங்குபவை இவையே. எனவே இவை துருப்பிடித்தால் கெடுவது அழகு மட்டும் அன்று, காரின் எலும்பே இற்றுப் போகிறது.

துரு எங்கே தொடங்குகிறது என்பது காரின் அமைப்பை அறிந்தால் எளிதில் விளங்கும். முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கும் பகுதியில் மழைநீர் இறங்குவதற்கு ஒரு தொட்டி போன்ற இடம் உண்டு. அங்கிருந்து நீர் வடிவதற்கான துளை, முன்சக்கரத்துக்குப் பின்னால் மட்கார்டின் உட்புறம் திறக்கும். மரத்தடியில் நிறுத்திய காரில் சருகுகள் விழுந்து அந்தத் துளை அடைபட்டால், ஈரமான மண் அங்கேயே தங்கி, கதவுக்கு முன்னுள்ள தகட்டை உள்ளிருந்து அரிக்கும். வெளிப் பெயிண்ட் பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே தகடு காகிதம் போல் ஆகியிருக்கும். இதேபோல் பேட்டரி வைக்கும் தட்டில் அமிலம் சிந்தி அரிப்பு வரும். அந்த அமிலம் கீழே வழிந்து மேற்சொன்ன கால்வாயையும் தொடும். பின்கதவின் கீழ்விளிம்பு, உபரிச் சக்கரம் வைக்கும் குழி, பின்சக்கர வளைவு ஆகியவையும் வழக்கமான இடங்கள்.

இங்கே வாங்குபவர் ஏமாறும் வழி ஒன்று உண்டு. ஓட்டை விழுந்த தகட்டின் மேல் புதுத் தகரத்தை வைத்து ஒட்டி, பட்டி பூசி, கருப்பு அடிப்பூச்சு அடித்துவிட்டால் அடிப்பகுதி புதிது போலத் தெரியும். ஒரு சிறு காந்தமே இதைக் காட்டிக்கொடுக்கும். பட்டி தடித்த இடத்தில் காந்தம் ஒட்டாது. ஒட்டினாலும் பிடிப்பு தளர்வாக இருக்கும். தரைவிரிப்பைத் தூக்கிப் பார்க்க அனுமதிக்காத விற்பனையாளரிடமிருந்து காரை வாங்காமல் இருப்பதே நல்லது. ஜாக்கி வைத்துத் தூக்கியதால் கால்வாய்கள் நசுங்கியிருப்பதும் சாதாரணமாகக் காணப்படும். நசுங்கியது மட்டும் என்றால் அஞ்ச வேண்டியதில்லை. விரலால் அழுத்தும்போது உதிர்ந்தால் அந்தப் பகுதி முழுவதையும் வெட்டி எடுத்துப் புதியதை வைக்க வேண்டும்.

வெட்டும் முறையிலும் கவனம் வேண்டும். தகடுகளே சட்டகம் என்பதால், தரைத்தகட்டையும் கதவுக்குக் கீழுள்ள பெட்டித்தகட்டையும் ஒரே நேரத்தில் அறுத்தெடுத்தால் உடல் வளைந்துவிடும். பிறகு கதவு மூடாது. ஆகவே கதவு வாசலின் குறுக்கே இரும்புக் குழாய்களைத் தற்காலிகமாக வெல்டிங் செய்து நிறுத்தி, ஒரு பக்கம் முடித்த பிறகே மறுபக்கம் தொடுவார்கள். நல்ல டிங்கரிங் பட்டறைகள் ஒவ்வொரு கட்டத்திலும் கதவை மாட்டிப் பார்த்து இடைவெளியை அளப்பது இதனால்தான்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்துகள்

மீட்டமைப்பு பற்றிய பேச்சு பெரும்பாலும் பெயிண்டையும் குரோமையும் சுற்றியே இருக்கிறது. உயிருக்கு ஆபத்தான மூன்று விஷயங்கள் அதில் பின்தள்ளப்படுகின்றன.

முதலாவது, புகை. எஸ்30 காரின் பின்புறம் சரிவாக இறங்கி வெட்டப்பட்டது போல் முடிகிறது. கார் வேகமாகச் செல்லும்போது அந்த வெட்டுமுகத்தின் பின்னால் காற்றழுத்தம் குறைகிறது. சைலன்சரிலிருந்து வரும் புகை அங்கே சுழன்று தேங்குகிறது. பின்கதவின் ரப்பர் இறுகி வெடித்திருந்தாலோ, பின்விளக்குகளின் அடியில் உள்ள ரப்பர் மெத்தை சுருங்கியிருந்தாலோ, அந்தப் புகை இடுக்குகள் வழியே உள்ளே இழுக்கப்படுகிறது. ஓட்டுநர் ஜன்னலைச் சற்றுத் திறந்தால் புகை இன்னும் அதிகமாக உள்ளே வரும். ஜன்னல் வழியே காற்று வெளியே உறிஞ்சப்பட்டு, அந்த வெற்றிடத்தைப் பின்புறக் காற்று நிரப்புவதே காரணம். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. நீண்ட பயணத்தில் தலைவலியும் தூக்கக் கலக்கமும் வந்தால் வயதின் மேலோ வெயிலின் மேலோ பழி போட்டுவிடுவார்கள்.

இதைச் சோதிக்கச் செலவே இல்லாத வழி ஒன்று உண்டு. இரவில் காரை நிறுத்தி, என்ஜினை அணைத்துவிட்டு, ஒருவர் உள்ளே பளிச்சென்ற விளக்கோடு அமர வேண்டும். இன்னொருவர் வெளியே நின்று பின்புறத்தைச் சுற்றிப் பார்த்தால் எங்கெல்லாம் வெளிச்சம் கசிகிறதோ அங்கெல்லாம் புகையும் நுழையும். பின்விளக்கின் மெத்தை, எண்பலகை விளக்கின் கம்பி செல்லும் ரப்பர் வளையம், தரையில் உள்ள அடைப்பு மூடிகள் என்று ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். பெயிண்ட் அடிப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது.

இரண்டாவது, பெட்ரோல் ஆவி. தொட்டியிலிருந்து எழும் ஆவியைத் தேக்கும் சிறு கலமும் அதன் ரப்பர் குழாய்களும் பின்புற உட்பலகைக்கு உள்ளே, அதாவது பயணிகள் இருக்கும் அறைக்குள்ளேயே அமைந்திருக்கின்றன. ஐம்பது ஆண்டுப் பழைய ரப்பர் வெடிக்காமல் இருக்காது. இப்போது பல நாடுகளில் பெட்ரோலில் எத்தனால் கலக்கப்படுவதால் பழைய ரப்பர் இன்னும் விரைவாகக் கெடுகிறது. 'பழைய கார் என்றால் பெட்ரோல் வாசனை வரத்தான் செய்யும்' என்று சொல்லும் உரிமையாளர்கள் உண்டு. வாசனை வருகிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது என்பதே பொருள்.

மூன்றாவது, விளக்கின் கம்பிகள். இந்தக் காரில் முகப்பு விளக்குகளுக்குச் செல்லும் முழு மின்னோட்டமும் ஸ்டீயரிங் தண்டில் உள்ள சுவிட்ச் வழியாகவே செல்கிறது. நடுவில் ரிலே கிடையாது. சுவிட்சின் தொடுமுனைகள் தேய்ந்து மின்தடை கூடும்போது அவை சூடேறி, பிளாஸ்டிக் உருகும். ஃபியூஸ் பெட்டியும் கருகும். ரிலே வைத்த தனிக் கம்பித் தொகுப்பை இடையில் மாட்டினால் சுவிட்ச் ரிலேயை இயக்கும் சிறு மின்னோட்டத்தை மட்டும் தாங்கினால் போதும். அசல் கம்பிகளை வெட்டாமலே இதைச் செய்யலாம் என்பதால், அசல் தன்மையை வலியுறுத்துபவர்களும் இதை மறுப்பதில்லை.

என்ஜினும் கார்புரேட்டரும்

எல்24 என்ற இந்த என்ஜின் உறுதிக்குப் பெயர்பெற்றது. வார்ப்பிரும்பு உடல், அலுமினியத் தலை, மேலே ஒற்றை கேம் தண்டு. பட்டறையில் இதற்கு ஆகும் வேலை பெரும்பாலும் வழக்கமானதே. சிக்கல் கார்புரேட்டரில்தான். ஹிட்டாச்சி நிறுவனம் செய்த இரண்டு கார்புரேட்டர்களும் பிரித்தானிய எஸ்.யு. வகையைப் பின்பற்றியவை. என்ஜின் உறிஞ்சும் காற்று அதிகமாகும்போது உள்ளே உள்ள பிஸ்டன் மேலே எழும். அதனுடன் கூம்பு வடிவ ஊசியும் எழுந்து, எரிபொருள் வரும் துளையை அகலப்படுத்தும். பிஸ்டன் துள்ளாமல் இருக்க மேலே சிறிதளவு எண்ணெய் ஊற்றப்பட்டிருக்கும். அந்த எண்ணெய் வற்றியதால் கார் திணறுவதை, என்ஜினே கெட்டுவிட்டது என்று எண்ணியவர்கள் பலர்.

இரண்டு கார்புரேட்டரும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். அனுபவமுள்ள மெக்கானிக் ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்புரேட்டர் வாயிலும் வைத்து, இரண்டின் சீறலையும் ஒப்பிட்டே சரிசெய்துவிடுவார். 1973ஆம் ஆண்டு மாதிரியில் புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்காகத் தட்டை மேற்புறம் கொண்ட வேறு வகைக் கார்புரேட்டரைப் பொருத்தினார்கள். சூட்டில் பெட்ரோல் கொதித்துத் தொல்லை தந்ததால், பல உரிமையாளர்கள் அவற்றைக் கழற்றிவிட்டு 1970-72 காலத்தின் வட்ட மேற்புற வகையைத் தேடி மாட்டினார்கள். அதனால்தான் இன்று வட்ட வகைக்குக் கிராக்கி.

உதிரிபாகம் தேடும் கலை

பழைய நிசான் பாகங்களைத் தேடுபவர் முதலில் கற்க வேண்டியது பாக எண்ணைப் படிப்பது. எண் இரண்டு பகுதிகளாக, ஐந்தைந்து இலக்கங்களாக அமையும். முதல் ஐந்து, பொருள் இன்னதென்று சொல்லும். அடுத்த ஐந்து, எந்த வண்டிக்கு, எந்தத் திருத்தம் என்று சொல்லும். எடுத்துக்காட்டாக 15208 என்று தொடங்கினால் அது எண்ணெய் வடிகட்டி, எந்த நிசான் காராக இருந்தாலும் சரி. இந்த முறை தெரிந்தவர், மொழி தெரியாத ஜப்பானிய விளம்பரத்திலும் தனக்கு வேண்டியதைக் கண்டுபிடித்துவிடுவார்.

அடுத்தது, எந்தப் பாகம் எதனுடன் ஒத்துப்போகும் என்ற அறிவு. எல் வரிசை என்ஜின் ஒரு பெரிய குடும்பம். 260 இசட்டின் எல்26, 280 இசட்டின் எல்28 ஆகியவை 240 இசட்டின் என்ஜின் அறையில் நேராக அமரும். எல்28 என்ஜின் நிசான் பேட்ரோல் என்ற கரடுமுரடான வண்டியிலும் இருந்தது. இதே குடும்பத்தின் எல்டி28 டீசல் என்ஜினிலிருந்து கிராங்க் தண்டை எடுத்து, எல்28இல் வைத்து, கொள்ளளவை 3.1 லிட்டராக்கும் வழக்கமும் உண்டு. டீசல் காரின் இதயம் பந்தயக் காருக்குள் போவது வியப்பாகத் தோன்றினாலும், அளவுகள் அப்படிப் பொருந்தியிருக்கின்றன.

பின்னர் வந்த 280 இசட்எக்ஸ் காரின் ஐந்து கியர் பெட்டியும், தேயும் பாயிண்ட் இல்லாத மின்னணு டிஸ்ட்ரிபியூட்டரும் 240 இசட்டில் பொருந்தும். முன் பிரேக்குக்கு டொயோட்டா பிக்கப் வண்டியின் நான்கு பிஸ்டன் காலிப்பரை மாட்டுவது அமெரிக்காவில் பல ஆண்டுகளாக நடைமுறையில் இருக்கிறது. பழைய வண்டிகள் கிடக்கும் கழிவுத்திடலில் மலிவாகக் கிடைத்ததே அதற்குக் காரணம். ஆனால் முன்னால் மட்டும் பிரேக்கைப் பலப்படுத்திப் பின்னால் பழைய டிரம்மை அப்படியே விட்டால் சமநிலை மாறும். மாஸ்டர் சிலிண்டரின் அளவையும் சேர்த்துப் பார்க்காமல் செய்யக் கூடாத மாற்றம் இது.

ஒத்துப்போகாதவையும் உண்டு. இடப்பக்க ஸ்டீயரிங் உள்ள அமெரிக்கக் காரின் டேஷ்போர்டு, வலப்பக்க ஸ்டீயரிங் உள்ள ஜப்பானிய, பிரித்தானிய, ஆஸ்திரேலியக் கார்களுக்கு உதவாது. வெயிலில் முதலில் வெடிப்பது டேஷ்போர்டுதான். அசலில் வெடிப்பில்லாத ஒன்று கிடைப்பது அரிது. இந்தியாவில் டட்சன் என்றதும் 2014 முதல் சென்னை அருகே ஒரகடத்தில் தயாரான 'கோ' காரை நினைப்பவர்கள் உண்டு. 2022இல் மறைந்த அந்தப் பெயரைத் தவிர, இரண்டுக்கும் பொதுவானது எதுவும் இல்லை.

பாகங்கள் வரும் வழிகள் நான்கு. அமெரிக்காவின் அரிசோனா போன்ற வறண்ட மாநிலங்களில் துருப்பிடிக்காத கதவும் மட்கார்டும் இன்னும் கிடைக்கின்றன. ஆனால் அதே வெயிலில் ரப்பரும் இருக்கையும் பொரிந்து போயிருக்கும். ஜப்பானிய இணைய ஏலங்களில் அரிய பொருள்கள் வரும். வெளிநாட்டவர் பெரும்பாலும் அங்குள்ள இடைத்தரகர் மூலமே வாங்க முடியும். அதன் கட்டணம், கப்பல் செலவு, சுங்கவரி ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டால் சில நேரம் பொருளின் விலையை அவை மிஞ்சிவிடும். மூன்றாவது, பெட்டி பிரிக்காத பழைய கையிருப்பு. உலோகப் பாகமென்றால் இது பொக்கிஷம். பிரேக்கின் ரப்பர் வாஷரும் குழாயும் என்றால், பெட்டி புதிதாக இருந்தாலும் ரப்பருக்கு வயதாகிவிட்டது. அதை நம்பி பிரேக்கில் போடுவது மடமை. நான்காவது, இன்று புதிதாகச் செய்யப்படும் நகல் பாகங்கள். இவற்றின் தரம் ஆளுக்கு ஆள் மாறும். சற்றே தடித்த நகல் ரப்பரைப் போட்டால் பின்கதவு சரியாக மூடாது. மூடாத கதவின் வழியே மேலே சொன்ன புகை வரும். எனவே பழைய ரப்பர் எவ்வளவு சிதைந்திருந்தாலும், புதியதைப் பொருத்திப் பார்க்கும்வரை அதைத் தூக்கி எறியக் கூடாது.

நிறுவனங்களின் பங்கு

1996இல் அமெரிக்காவில் இசட் வரிசையின் விற்பனை நின்றபோது, பெயர் மறக்கப்படாமல் இருக்க நிசான் ஒரு முயற்சி செய்தது. பழைய 240 இசட் கார்களைத் தானே வாங்கி, தேர்ந்தெடுத்த பட்டறைகளில் புதிதாக்கி, தன் விற்பனையகங்கள் வழியே சுமார் 25,000 டாலருக்கு விற்றது. நாற்பதுக்கும் குறைவான கார்களோடு அது நின்றுபோனது. காரைச் செய்த நிறுவனத்துக்கே பழைய காரைப் புதிதாக்குவது கட்டுப்படியாகவில்லை என்பதைத் தனிமனிதர்கள் மனத்தில் கொள்வது நல்லது.

அதன்பின் ஜப்பானிய நிறுவனங்கள் வழியை மாற்றின. பாகங்களை மறுபடி தயாரிக்கத் தொடங்கின. மஸ்டா தன் முதல் தலைமுறை ரோட்ஸ்டர் காருக்கும், நிசானின் நிஸ்மோ பிரிவு ஆர்32 ஸ்கைலைன் ஜிடி-ஆர் காருக்கும் 2017இல் இத்தகைய திட்டங்களை அறிவித்தன. டொயோட்டா 2020இல் சுப்ரா, 2000ஜிடி கார்களின் பாகங்களைத் தயாரிக்க முன்வந்தது. 2000ஜிடி மொத்தம் 351 மட்டுமே செய்யப்பட்ட கார் என்பதால், அந்தத் திட்டத்தில் லாபக் கணக்கைவிடப் பெருமையே முக்கியம் எனலாம்.

நிசானில் ஊழியர்களே நடத்தும் மீட்டமைப்புக் குழு ஒன்று உண்டு. 1971இல் கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலியில் வென்ற 240 இசட் காரை அவர்கள் 2013இல் மீண்டும் ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தனர். அதே ராலியை 1973இல் மீண்டும் 240 இசட் வென்றது. அப்போது ஓட்டியவர் உகாண்டாவில் பிறந்த இந்திய வம்சாவளியினரான சேகர் மேத்தா.

எண்கள், பத்திரங்கள், விலை

எஸ்30 காரின் அடையாள எண் என்ஜின் அறையின் பின்சுவரில் பொறிக்கப்பட்டிருக்கும். எச்.எல்.எஸ்.30 என்றால் இடப்பக்க ஸ்டீயரிங், எச்.எஸ்.30 என்றால் வலப்பக்க ஸ்டீயரிங் உள்ள 2.4 லிட்டர் கார். பி.எஸ்.30 என்று இருந்தால் அது 432 என்ற அரிய வகை. ஸ்கைலைன் ஜிடி-ஆரின் எஸ்20 என்ஜினைக் கொண்டது. ஏறக்குறைய 420 கார்களே வந்தன. பெயர்ப்பட்டையையும் சக்கரத்தையும் மாற்றிச் சாதாரணக் காரை 432 என்று காட்ட முடியும்; பின்சுவரில் பொறித்த எண்ணை மாற்றுவது அவ்வளவு எளிதல்ல. என்ஜின் அறையின் உட்புறத் தகட்டில் உள்ள பட்டையில் அசல் என்ஜினின் எண் இருக்கும். என்ஜினின் மேல் பொறித்த எண்ணோடு அது ஒத்திருந்தால் விலை கூடும். என்ஜினை மாற்றினாலும் பழையதைத் துணி சுற்றி மூலையில் பத்திரமாக வைப்பவர்கள் இதற்காகவே அப்படிச் செய்கிறார்கள்.

2020 ஜனவரியில் 1971ஆம் ஆண்டின் 240 இசட் ஒன்று இணைய ஏலத்தில் 3,10,000 டாலருக்குப் போனது. அந்த விலையைக் காட்டி, துருப்பிடித்த கூட்டுக்கும் பெருவிலை கேட்பவர்கள் அதன்பின் பெருகினார்கள். அந்தக் கார் மிகக் குறைந்த தூரமே ஓடி, பெரும்பாலான அசல் பாகங்களோடு தப்பிப் பிழைத்தது. இற்றுப்போன காரை முழுதாகப் புதிதாக்கிய பிறகு அத்தகைய விலை வராது. பல நேரங்களில் செலவழித்த தொகையே திரும்புவதில்லை. வாங்கும்போது இரண்டாயிரம் டாலர் அதிகம் கொடுத்துத் துரு குறைந்த உடலைத் தேர்வதே மலிவான வழி என்று பட்டறைக்காரர்கள் சொல்வார்கள். என்ஜினையும் கியர் பெட்டியையும் வேறு இடத்திலிருந்து வாங்கிவிடலாம். தகட்டு வேலைக்கான கூலியை எங்கும் மிச்சப்படுத்த முடியாது.